சுகுணா டீச்சரின் மூன்று சுவர்கள்

காலை ஏழே முக்கால் மணிக்குச் சுகுணா டீச்சர் எண்ணிக்கொண்டிருப்பார். "பதிமூணு... பதினாலு... ஆத்தாடி, பதினஞ்சு..." சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிச் செருகியிருப்பார். முந்தானை இடுப்பைச் சுற்றி இறுகியிருக்கும். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் மட்டை. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே சிறிய கறுப்பு ரப்பர் பந்தைச் சுவரில் அடிப்பார். அது திரும்பி வந்து தரையில் ஒருமுறை குத்தி எழும்போது மறுபடியும் அடிப்பார். இரண்டாம் முறை குத்திவிட்டால் போச்சு, ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றுவரை அவர் எட்டிய அதிகபட்சம் பத்தொன்பது. அதை எட்டிய அன்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். அவரிடம் படிக்கும் பதினோராம் வகுப்புச் செவந்தி நூற்றுப் பன்னிரண்டு அடிக்கிறாள். "பிள்ளை நூத்திப் பன்னெண்டு, நான் பத்தொம்பது. இதுல யாரு யாருக்கு டீச்சருன்னு நீங்களே சொல்லுங்கய்யா" என்று என்னிடம் கேட்பார்.  மட்டையை என் கையில் கொடுத்துப் பார்த்தார்கள் ஒருமுறை. நான் இரண்டு அடித்தேன், அதில் ஒன்று என் மூக்குக் கண்ணாடியை.

கந்தர்வக்கோட்டையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி. சுகுணா டீச்சர் அங்கே உடற்கல்வி ஆசிரியர், வயது நாற்பத்தெட்டு. நான் தமிழாசிரியன். விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. பள்ளி நாட்களில் நானூறு மீட்டர் ஓடி, அடுத்த பந்தயத்துக்காரர்களோடு சேர்ந்து வந்து முடித்தவன் நான். அதிலும் கடைசி.

சரி, முந்திரிக்காட்டுக்குள் இந்த ஸ்குவாஷ் ஆட்டம் எப்படி வந்தது? அதை டீச்சரே சொல்லட்டும். "மூணு வருசத்துக்கு முந்தி பி.டி. டீச்சருக்கெல்லாம் மீட்டிங் போட்டாக. புது வெளையாட்டுன்னு ஒவ்வொண்ணா வாசிச்சு, யாரு எடுத்துக்கிறீங்கன்னு கேட்டாக. ஸ்குவாஷுன்னு வந்தப்ப ஒருத்தரும் வாயத் தெறக்கல. எடுத்துக்கிற ஸ்கூலுக்கு ஆறு மட்டை சும்மா தருவோம்னாக பாருங்க, என் கை தானா மேல போயிருச்சு. வெளையாடத் தெரியுமான்னு ஒருத்தராவது கேக்கணுமில்ல? கேட்டிருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பேன், சத்தியமா."

மட்டைகள் வந்த பிறகுதான் இந்த விளையாட்டை மைதானத்தில் ஆட முடியாது, நான்கு சுவருக்குள் ஆட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். மூன்றாம் நாள் பள்ளிக்குப் பின்னால் கிடந்த முந்திரிக்கொட்டைக் கிடங்கைப் போய்ப் பார்த்தார். கஜா புயலில் அதன் கூரை பறந்துவிட்டது, பின்சுவர் விழுந்துவிட்டது. முன்சுவரும் இரண்டு பக்கச் சுவர்களும் பாக்கி. "நாலுல மூணு இருக்கு. எழுபத்தஞ்சு மார்க்கு. பாஸுதானே?" என்றார். மாணவிகளைக் கூட்டி வந்து கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, மறு வாரமே ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

பாடம் எல்லாம் கைப்பேசியில்தான். இரவில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுக் காலையில் வந்து சொல்லிக்கொடுப்பார். அந்த வீடியோக்களில் ஆடுகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, என்ன பேசுகிறார்களோ, டீச்சர் வாயிலிருந்து வரும்போது அது எங்கள் ஊர்ப் பாடமாகிவிடும். "மம்பட்டி புடிக்கிற மாதிரி புடிக்காதடி, மட்டைக்கு வலிக்கும்." "அடிச்சிட்டு அங்கிட்டே நின்னு அழகு பாக்காத, நடுவுக்கு ஓடியா." "பந்தைப் பாரு பிள்ளை. என் மூஞ்சியில ஒண்ணும் எழுதி ஒட்டல." யாராவது தவறாக அடித்தால் கோபப்பட மாட்டார். "நேத்து நானும் இப்படித்தான் அடிச்சேன்" என்பார். அது உண்மையாகவே இருக்கும்.

அவருடைய கணவர் ரகுநாத் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். தினமும் மதிய இடைவேளையில் வீடியோவில் கூப்பிடுவார். டீச்சர் கைப்பேசியைக் கிடங்குச் சுவர்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தன் பேக்ஹேண்டை அடித்துக் காட்டுவார். "ஊருல இருக்க மனுசரோடெல்லாம் சண்டை போட்டு முடிச்சாச்சா? இப்ப செவுத்தோடயா?" என்று மஸ்கட்டிலிருந்து குரல் வரும். "செவுரு ஒங்கள மாதிரி எதுத்துப் பேசாதுல்ல?" என்று டீச்சர் திருப்பி அடிப்பார். இந்த ஒரு அடி மட்டும் அவருக்கு எப்போதும் தவறாது.

போன வருடம் முதல்முறையாகத் திருச்சியில் நடந்த மண்டலப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார். ஒரு பெரிய மனமகிழ் மன்றத்தில் ஏ.சி. போட்ட, கண்ணாடிச் சுவர் வைத்த ஸ்குவாஷ் அறை. எங்கள் பிள்ளைகள் உள்ளே போனார்கள், ஒவ்வொருவரும் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். கூரையில்லாத கிடங்கில் வெயிலில் காய்ந்து துள்ளுகிற பந்தோடு பழகியவர்கள் அவர்கள். அந்தக் குளிர் அறையில் பந்து எழும்பவே இல்லை. அது போதாதென்று, தாண்டிப் போனால் முந்திரிக்காட்டுக்குள் போய்விடும் என்று அவர்கள் கைவிட்ட பந்தெல்லாம் பின்சுவரில் மோதித் திரும்பி வந்து முதுகில் விழுந்தது. "பின்னாடியிருந்து யாரோ எறியிறாக டீச்சர்" என்று சுடர்விழி என்ற பெண் வெளியே வந்து அழுதாளாம். "நாலாவது செவுரு ஒண்ணு இருக்குன்னு நான் பிள்ளைகள்ட்ட சொல்லவே இல்லய்யா. இல்லாத செவுத்தப் பத்தி என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் வண்டி நிறுத்த நிழல் கிடையாது. சாயங்காலம் என் ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவேன், அப்படிக் கொதிக்கும் சீட்டு. அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே எட்டாம் வகுப்பு மாணவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். கிடங்கு எனக்குக் கண்ணை உறுத்தியது. மேலே நான்கு தகரம் போட்டால் எத்தனை வண்டி நிற்கும்! ஜூன் மாதம், "மாணவச் செல்வங்களின் மிதிவண்டிகள் கடும் வெயிலில் வாடுவதை இனியும் காணப் பொறாதவர்களாய்" என்று தொடங்கி, என் ஸ்கூட்டரைப் பற்றி மூச்சே விடாமல், அந்தக் கிடங்கைச் சைக்கிள் ஸ்டாண்டாக மாற்றக் கோரி ஒரு தீர்மானம் எழுதினேன். பெயர் போடவில்லை. தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வகுப்புக்குப் போய்விட்டேன்.

எங்கள் எச்.எம். மலையாண்டி நியாயமான மனிதர். ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். "நான் ஒரேடியா புடுங்க மாட்டேன் டீச்சர். இந்த வருசம் மண்டலத்துல ஒரே ஒரு மேட்சு ஜெயிச்சிட்டு வாங்க, அது ஒங்க கோர்ட்டு. இல்லாட்டி சைக்கிள் ஸ்டாண்டு. சரிதானே?"

"சரிங்க சார்" என்றார் டீச்சர். முகம் சுண்டிவிட்டது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிடங்கு போனால் அவருக்கு வேறு இடமில்லை. மைதானத்தைப் பையன்களின் கிரிக்கெட்டும் கபடியும் பிடித்துக்கொண்டன. பெண்பிள்ளைகளுக்கென்று அவர் பிடித்து வைத்திருந்த ஒரே இடம் அதுதான்.

மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார். குளிர்ந்த பந்துக்கு மஸ்கட்டிலிருந்து யோசனை வந்தது. "ரப்பரு குளிர்ல விறைச்சுக்கும்டி. நீயும் பந்தைக் குளிர வச்சு ஆடிப் பாரு" என்றாராம் ரகுநாத். பள்ளி வாசலில் பிச்சை என்பவரின் பெட்டிக்கடை இருக்கிறது. அவருடைய ஃப்ரிட்ஜில் கலர் பாட்டில்களுக்கு நடுவே நான்கு ஸ்குவாஷ் பந்துகள் குடியேறின. "டீச்சரு, ஒரு ஆளு இது என்ன பழம், கிலோ என்ன வெலன்னு கேட்டுட்டுப் போறாரு" என்று பிச்சை அலுத்துக்கொள்வார். ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் பந்துகளை ஈரத்துணியில் சுற்றித் தயாராக வைத்திருப்பதும் அவர்தான்.

பின்சுவருக்குத்தான் வழியில்லை. ஒரு சாயங்காலம் டீச்சர் என்னிடம் வந்தார். "அய்யா, ஒங்களால ஒரு ஒதவி. பழைய கரும்பலகை ஒண்ணு கெடக்கு. நிமித்தி வச்சா சாயுது. பின்னாடி நின்னு கொஞ்சம் முட்டுக் குடுத்தீங்கன்னா போதும். ஒங்க ஒடம்புக்கு அது அசையாது."

செய்த பாவம் நெஞ்சில் கிடக்க, மாட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று முதல் மூன்று மாதம் நான்தான் பின்சுவர். கரும்பலகைக்குப் பின்னால், அதை முதுகால் தாங்கியபடி, முந்திரிக்காட்டைப் பார்த்து நிற்பேன். பந்து பலகையில் மோதும்போதெல்லாம் முதுகெலும்பு அதிரும். உயரமாக வந்த பந்துகள் பலகையைத் தாண்டி என் வழுக்கையில் இறங்கின. "மன்னிச்சுக்கங்கய்யா!" என்று செவந்தி கத்துவாள். "செவுத்துக்கிட்ட எதுக்குடி மன்னிப்பு? ஆடு!" என்பார் டீச்சர். முதல் வாரம் இடுப்பு வலியில் புலம்பினேன். இரண்டாம் வாரம், மோதும் சத்தத்தை வைத்தே அடித்தது யார் என்று சொல்லத் தொடங்கினேன். செப்டம்பரில், மணி அடித்ததும் எனக்கு முன்னால் என் கால்கள் கிடங்குக்குப் போய்விட்டன. சைக்கிள் ஸ்டாண்டாவது மண்ணாவது என்றாகிவிட்டது. தீர்மானத்தைத் திரும்பப் பெறலாமா என்றும் பார்த்தேன். எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததால் அந்த வீரம் மட்டும் வரவில்லை.

இந்த வருட மண்டலப் போட்டிக்கு நானும் துணைக்குப் போனேன். திருச்சியில் அதே கண்ணாடி அறை. காலையில் சுடர்விழி ஆடினாள், தோற்றாள். மிச்சமிருந்தது செவந்தியின் ஆட்டம் மட்டும். அவளோடு ஆட வேண்டியவள் பெரம்பலூர் பக்கத்து அரசுப் பள்ளிப் பெண், கார்த்திகா என்று பட்டியலில் போட்டிருந்தது. நடுவர் மூன்று முறை பெயரைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "வாக் ஓவர். ஒங்க பொண்ணு ஜெயிச்சது" என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் நீட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி! கோர்ட்டு எங்களுடையது! "டீச்சர், மடிச்சுப் பையில வைங்க மொதல்ல" என்றேன். அவரும் மடித்து வைத்தார். நாங்கள் வாசலுக்கு வரவும், ஓர் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உள்ளேயிருந்து மட்டைப்பையோடு ஒரு பெண்ணும், வியர்த்து விறுவிறுத்து ஓர் ஆசிரியரும் இறங்கினார்கள். ஜெரால்டு என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட அந்த ஆசிரியர், சமயபுரத்துக்குப் பக்கத்தில் பஸ் டயர் வெடித்துவிட்டதாகவும், அடுத்த பஸ் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டதாகவும் சொன்னார். "முடிஞ்சிருச்சா மேடம்?" என்று கேட்டார்.  அந்தப் பெண் கார்த்திகா கண்ணாடி அறையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் செவந்தியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அந்த அறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு அடிகூட அடிக்காமலேயே ஊருக்குப் போறமா டீச்சர்?" என்றாள்.

"வேண்டாம் டீச்சர்!" நான் குறுக்கே போய் நின்றேன். "எச்.எம். என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? ஒரு மேட்சு. அது ஒங்க பையில இருக்கு."

"இருக்குய்யா. அதான் கனக்குது." டீச்சர் பைக்குள் கைவிட்டுப் படிவத்தை எடுத்தார். "ஜெயிச்சிட்டு வந்தோம்னு சொல்லுவோம். எப்படிடி ஜெயிச்சன்னு பிள்ளைகள யாராச்சும் கேட்டா என்னத்தச் சொல்லும்? டயரு வெடிச்சிச்சுன்னா?"

"டயர் வெடிச்சது நம்ம குத்தமா?"

"இல்லதான். வெளையாடத்தானே வந்தோம்? அம்புட்டுத்தான்யா." நடுவரிடம் போய்ப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். நடுவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரெண்டு ஸ்கூலும் ஒத்துக்கிட்டா ஆடலாம். ஆனா தோத்தா தோத்ததுதான், அப்புறம் வந்து கேக்கக் கூடாது" என்றார். டீச்சர் தலையை ஆட்டினார். ஜெரால்டு சார் கைகூப்பினார். எனக்கு அந்த மனிதர்மேல் கொலைவெறி வந்தது. கிடங்குக்குத் தகரம் போடச் சொல்லி எழுதிய அதே ஆள், இப்போது அந்தக் கிடங்குக்காகத் திருச்சியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் ஐந்து செட்டுக்குப் போனது. குளிரில் எழும்பாத பந்தைச் செவந்தி தரையோடு தரையாகக் குனிந்து எடுத்தாள். பின்சுவரில் மோதி வந்ததைத் திரும்பி நின்று அடித்தாள். ஒவ்வொரு முறை பந்து பின்கண்ணாடியில் மோதும்போதும் வெளியே உட்கார்ந்திருந்த என் முதுகு தானாக விறைத்தது. "விடாத செவந்தி!" என்று நான் போட்ட கூச்சலில் நடுவர் இருமுறை என்னை எச்சரித்தார். மூன்றாம் முறை மன்றத்து வாசலுக்கே போகச் சொன்னார். நான் வெளியே நின்றிருந்தபோதுதான் அது முடிந்தது. கடைசி செட்டில் பதினொன்றுக்கு ஒன்பது. கார்த்திகா ஜெயித்துவிட்டாள்.

செவந்தி வியர்வை சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே வந்தாள். "டீச்சர், சூப்பரா இருக்கு டீச்சர் உள்ள!" என்றாள். டீச்சர் அவள் தலையைத் துண்டால் துவட்டிவிட்டு, "ஒம்பது எடுத்துட்டியே பிள்ளை" என்றார். 

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். டீச்சர் ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம். மனசு கேட்கவில்லை. "டீச்சர், அந்தத் தீர்மானம்..." என்று தொடங்கினேன்.

"நீங்க எழுதுனதுன்னு அன்னைக்கே தெரியும்யா" என்றார், வெளியே பார்த்துக்கொண்டே. "காணப் பொறாதவர்களாய்னு நம்ம ஸ்கூல்ல வேற எவருக்கு எழுத வரும்? தெரிஞ்சுதான் ஒங்களப் புடிச்சு செவுரா நிறுத்துனேன்."

எங்கள் ஊர் வரும்வரை நான் மட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் எச்.எம். கேட்டார், டீச்சர் "தோத்துட்டோம் சார்" என்றார். வாக் ஓவர் கதையை நான் சொல்லப்போனேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயை மூடிக்கொண்டேன். பத்து நாளில் கிடங்குக்குத் தகரம் வந்தது, இரும்புக் குழாய்கள் நட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டு திறந்த அன்று வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஐந்து நிமிடம் மனசாட்சியோடு போராடினேன். ஆறாவது நிமிடம் நிழலில் நிறுத்தினேன். சாயங்காலம் சீட்டு சில்லென்று இருந்தது. எட்டாம் வகுப்புப் பையன்கள் ஏமாந்து போனார்கள். உட்கார்ந்தவனுக்குத்தான் ஒரு சுகமும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை, கடைசிப் பாடவேளை. பத்தாம் வகுப்புக்குச் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. ஒற்றை ஜன்னல் வழியாக வரும் காற்றை நம்பித்தான் நானும் நாற்பது பிள்ளைகளும் உயிரோடிருந்தோம். அந்தப் பக்கச் சுவரில் டொப்பென்று ஏதோ மோதியது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி ஆடியது. மறுபடி டொப். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வெளியே செவந்தியும் சுடர்விழியும் இன்னும் நாலைந்து பெண்களும் மட்டையோடு நின்றார்கள். சுகுணா டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகியபடி, என் வகுப்பறைச் சுவரை மேலும் கீழுமாக அளந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், இங்க ஜன்னல் இருக்கே" என்றேன்.

"அதத்தான்யா நானும் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று பக்கத்தில் வந்தார். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "செத்த நேரம் பொறுத்துக்கங்க, பந்து உள்ள வந்துரும்." கம்பிக்கு வெளியே விரிந்து கிடந்த கதவுகளில் இடப்பக்கத்தை முதலில் இழுத்தார், பிறகு வலப்பக்கத்தை. என் மூக்குக்கு நேராக, சத்தமே வராமல், மரியாதையாகச் சாத்தினார்.